தீவகத்தின் காற்றும் வெயிலும் யாருக்கு?

(புங்குடுதீவில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



மின்சாரத்தைப் பற்றிப் பேசும்படி என்னை இங்கே அழைத்திருக்கிறீர்கள். மின்சாரம் என்றதும், அது பொறியியலாளர் பேச வேண்டிய பொருள், கணக்காளர் பேச வேண்டிய பொருள் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்குவது பெருந் தவறு என்பதே என் முதற் சொல். கிணற்றடியில் நீரிறைக்கும் எந்திரத்தின் பொத்தானை அழுத்துகின்ற உழவனுக்கும், பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைத்துக் காக்க வேண்டிய கடற்றொழிலாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கின்ற மாணவிக்கும், தடுப்பு மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டிய வைத்தியசாலைக்கும் இது வாழ்க்கைப் பொருள். மின்சாரத்தை எங்கே உண்டாக்குவது, யார் உண்டாக்குவது, என்ன விலைக்கு விற்பது, அந்த விலையை யார் தீர்ப்பது என்னும் நான்கு கேள்விகளும் அரசியற் கேள்விகளே. இவற்றுக்கு நாம் விடை சொல்லாதிருந்தால், நமக்காக வேறொருவர் விடை சொல்லிவிடுவார். இதுவரை நடந்து வந்திருப்பதும் அதுவே.

நாம் கூடியிருக்கும் இந்தப் புங்குடுதீவு, வேலணையோடு தாம்போதியால் இணைந்தது. அந்த வழியே தெருவும் வந்தது. தேசிய மின்வலைப் பின்னலும் வந்தது. ஆனால், நம் தீவின் மேற்கெல்லையாகிய குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பாருங்கள். அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புறப்படும் பயணிகளின் தீவுகளில் தேசிய மின்வலை இல்லை. அனலைதீவிலும் இல்லை. அங்கெல்லாம் டீசல் எந்திரம் ஓடினால்தான் விளக்கு எரியும். எந்திரம் ஓடுவதற்கு வேண்டிய டீசலோ கடல் கடந்து போக வேண்டும். சோழகம் வீசித் தள்ளும் கடலின் மேல், காற்றையும் வெயிலையும் கிழித்துக்கொண்டு, எரிபொருளைச் சுமந்து செல்கிறோம். தலைக்கு மேல் வெயிலும் முகத்துக்கு நேரே காற்றும் இலவசமாகக் கிடக்க, பாரசீகக் குடாவிலிருந்து வந்த எண்ணெயை நெடுந்தீவில் எரிக்கிறோம். இதைவிட விந்தை வேறு உண்டா?

இலங்கையின் மின்சார வரலாறு

இந்த நாடு இயற்கை வளம் குறைந்த நாடன்று. 1918 ஆம் ஆண்டிலேயே விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர், மலைநாட்டு அருவிகளில் மின்சாரம் உண்டு என்று கட்டுரை எழுதி எடுத்துரைத்தார். அன்றைய ஆட்சியாளர் அதைப் பொருட்படுத்தவில்லை. லக்சபான நீர்மின் திட்டம் முதன்முதலாக மின்சாரம் தந்தது 1950 ஆம் ஆண்டில். ஒரு நல்ல யோசனை செயலாவதற்கு 32 ஆண்டுகள் சென்றன. தம் நாட்டு அருவியைத் தாமே பயன்படுத்த விரும்பிய ஒரு சிங்களப் பொறியியலாளரையே அந்நிய ஆட்சி அப்படிக் காக்க வைத்ததென்றால், தலைநகரிலிருந்து தொலைவில், கடலுக்கு நடுவே கிடக்கும் நம்மைக் காக்க வைப்பதற்குக் கேட்கவா வேண்டும்?

1969 ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை அமைக்கப்பட்டது. நீர்மின்சாரம் போதாமற் போன பிறகு எண்ணெய் வந்தது. பின்பு நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் வந்தது. எண்ணெயும் நிலக்கரியும் வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்குபவை. டொலர் தீர்ந்தபோது என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் கிடந்தது. காற்றுக்கும் வெயிலுக்கும் டொலர் வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று தயாரித்த காற்றுவள வரைபடம், இலங்கையில் ஏறத்தாழ 20,000 மெகாவாட் காற்று மின்சாரத்துக்கு இடமுண்டு என்று மதிப்பிட்டது. அதில் வடமேற்குக் கரையும் யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் முதன்மையான இடங்கள். நம் முன்னோர் சோழகத்திலும் வாடையிலும் பாய் விரித்துக் கடலோடியவர்கள். காற்றின் மதிப்பை அவர்களுக்கு எவரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

மூன்று தீவுகளின் கதை

இனி, நம் கண்ணெதிரே நடந்த கதையைக் கேளுங்கள்.

எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு காற்றாடி, சூரியத் தகடு, மின்கலம், டீசல் எந்திரம் ஆகிய நான்கையும் சேர்த்த ஒரு சிறு கலப்பு மின்திட்டம் அமைக்கப்பட்டது. அதையே பெரிய அளவில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் செய்வதென்று திட்டமிடப்பட்டது. 2021 ஆம் ஆண்டு ஜனவரியில் அமைச்சரவை அந்த வேலையை ஒரு சீன நிறுவனக் கூட்டுக்கு வழங்கியது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன், வேலை சீனருக்கு. உடனே இந்தியா தன் ஆட்சேபத்தைத் தெரிவித்தது. இத்தீவுகளுக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கடலே இருப்பதால், தன் பாதுகாப்புக்கு இடையூறு என்பது அதன் வாதம். 2021 டிசெம்பரில், மூன்றாந் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்னிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டதையும் அதே அறிவிப்பிற் சேர்த்துச் சொன்னது.

2022 மார்ச் மாதத்தில், இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்புக்கு வந்திருந்தபோது, அதே மூன்று தீவுகளுக்கும் இந்திய நன்கொடையில் மின்திட்டம் அமைப்பதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2024 மார்ச் 1 ஆம் நாள் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. நன்கொடைத் தொகை 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர். ஆக, முதற் கேள்விப்பத்திரம் வழங்கியதற்கும் இரண்டாம் ஒப்பந்தம் எழுதியதற்கும் இடையே மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்தன. அந்த மூன்று ஆண்டுகளிலும் மூன்று தீவுகளிலும் டீசலே எரிந்தது.

நண்பர்களே, கடன் நன்கொடையாக மாறியது நமக்கு நன்மையே. அதை நான் மறுக்கவில்லை. அயல்நாட்டின் உதவியை நன்றியோடு ஏற்போம். இந்தியாவின் கவலையில் நியாயமில்லை என்று சொல்வதற்கும் நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. பெய்ஜிங்கின் சொல் இதில் இருந்தது. டில்லியின் சொல் இருந்தது. கொழும்பின் சொல் இருந்தது. மணிலாவில் இருக்கும் வங்கியின் சொல்லும் இருந்தது. நெடுந்தீவு மக்களின் சொல் எங்கே இருந்தது? அனலைதீவு உழவனை ஒரு நாளாவது அழைத்து, உன் தீவில் எங்கே காற்றாடி நடலாம் என்று கேட்டார்களா? வல்லவர் இருவர் வழக்காடியபோது, வழக்குப் பொருளாகிய நாம் வாசலில் நிறுத்தப்பட்டோம்.

அந்தத் திட்டம் எதைத் தரும்?

திட்டத்தின் அளவைச் சொல்கிறேன். படித்தவர்களும் உழவர்களும் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியத் தகடுகள். 530 கிலோவாட் காற்றாடிகள். 2,400 அலகு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் மின்கலங்கள். இவற்றுக்குத் துணையாக 2,500 கிலோவாட் டீசல் எந்திரங்கள்.

ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 அலகு தரும் என்று கொண்டால், தகடுகளிலிருந்து நாளுக்கு 6,800 அலகு கிடைக்கும். காற்றாடி எப்போதும் முழு வேகத்திற் சுழலாது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்து அதன் முழு ஆற்றலில் காற்பங்கே கிடைக்கும் என்று அடக்கமாகக் கொண்டாலும், நாளுக்கு 3,180 அலகு வரும். இரண்டுஞ் சேர்ந்து ஏறத்தாழப் பத்தாயிரம் அலகு. சோழகக் காலத்தில் இரவிலும் காற்றாடி சுழலும். காற்று ஓய்ந்துபோகும் பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் கைகொடுக்கும். மாரிகாலத்தில் முகில் மூடிய நாட்களில் டீசல் எந்திரம் துணைக்கு வரும். ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்குவதே கலப்பு மின்திட்டத்தின் பொருள்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். சூரியத் தகடு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். மின்கலம் அவ்வளவு காலம் உழைப்பதில்லை. இடையில் அதை மாற்ற வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். நன்கொடை, கருவியை வாங்கித் தரும். பத்தாண்டு கழித்து அதே கருவியைப் பழுது பார்க்கும் பணத்தை யார் தருவார்? அந்தப் பொறுப்பு எவருடையது என்று எழுத்தில் இல்லாவிட்டால், திறப்பு விழாவின் கல்வெட்டு மட்டும் மிஞ்சும், எந்திரம் துருப்பிடிக்கும்.

விலையைத் தீர்ப்பவர் யார்?

அடுத்து, ஒழுங்குமுறை என்னும் விடயத்துக்கு வருகிறேன். மின்சாரம் விற்பவன் ஒருவனாகவும் வாங்குவோர் கோடிக்கணக்கினராகவும் இருக்கும் சந்தையில், விற்பவன் கேட்டதே விலையாகிவிடாமற் காப்பதற்கு நடுவர் ஒருவர் வேண்டும். அதற்காகவே 2002 ஆம் ஆண்டின் சட்டத்தால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு உண்டாக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், கட்டணத்தை ஆராய்ந்து அங்கீகரிக்கும் அதிகாரத்தை அதன் கையில் வைத்தது.

நடுவரின் நிலை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. இரண்டாவது உயர்வை ஆணைக்குழுவின் தலைவரே எதிர்த்தார். அதே ஆண்டு மே மாதத்தில் பாராளுமன்றம் 123 வாக்குகளுக்கு 77 என்ற வாக்குக் கணக்கில் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் மீது சாட்டப்பட்ட குற்றங்கள் மெய்யோ பொய்யோ, அந்த வழக்கை நான் இங்கே விசாரிக்கவில்லை. ஆனால், ஆளுங்கட்சியின் பெரும்பான்மை நடுவரை எழுப்பி வெளியே அனுப்பவல்லது என்பதை அன்று நாடு முழுவதும் கண்டது. பின்பு வரும் நடுவர் ஊதுகுழலை வாயில் வைக்குமுன் இருமுறை யோசிப்பார் அல்லவா?

2025 ஜனவரியில் அதே ஆணைக்குழு கட்டணத்தை 20 வீதம் குறைத்தது. யூன் மாதத்தில் 15 வீதம் உயர்த்தியது. ஏறுவதும் இறங்குவதும் கணக்கின்படி நடக்குமானால் நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முதுமொழி. அந்த அளவுகோல் மக்கள் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கட்டணத்தை மாற்றுமுன் மக்களின் கருத்தை எழுத்திலும் வாய்மொழியிலும் ஆணைக்குழு கேட்கிறது. அவ்விசாரணைகளில் தீவகத்து உழவர் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்? உரிமையைத் தரவில்லை என்று குறை சொல்லும் நாம், தந்த உரிமையைப் பயன்படுத்தினோமா என்றும் நம்மையே கேட்க வேண்டும்.

இன்னொரு நியாயத்தையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் இருப்பவரும் நெடுந்தீவில் இருப்பவரும் ஒரே கட்டணமே செலுத்துகிறார்கள். நெடுந்தீவில் டீசலால் ஓர் அலகு உண்டாக்கும் செலவு, தேசிய மின்வலையில் உண்டாக்கும் செலவைவிட மிக அதிகம். அந்த வேறுபாட்டை நாடு முழுவதிலும் உள்ள பாவனையாளர் தாங்குகிறார்கள். ஒரே விலை என்னும் இந்த நீதி நிலைக்க வேண்டும். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. 2025 இல் வந்த திருத்தம், அக்கம்பனிகளை அரசுடைமையாகவே வைத்திருக்கும்படி செய்தது. நல்லது. ஆயினும், வீடு பிரிக்கும்போது முதியோரைப் பார்ப்பவர் யார் என்று எழுதாமல் விட்டால், மூத்தவன் இளையவனைக் காட்டுவான். இளையவன் மூத்தவனைக் காட்டுவான். இலாபம் இல்லாத தீவுகளின் செலவை எந்தக் கம்பனி தாங்குவது என்பது உரிமப் பத்திரத்திலேயே ஐயமின்றி எழுதப்பட வேண்டும்.

மன்னாரும் சுன்னாகமும் தரும் பாடங்கள்

மன்னார்த் தீவில் மின்சார சபை 30 காற்றாடிகளை நிறுத்தி, ஏறத்தாழ 100 மெகாவாட் ஆற்றலுள்ள நிலையத்தை 2020 டிசெம்பரில் திறந்தது. அதைத் தொடர்ந்து மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்று மின்சாரத்தை இந்தியாவின் அதானி நிறுவனத்துக்குக் கொடுக்க அரசாங்கம் முற்பட்டது. 2022 யூன் மாதத்தில் மின்சாரச் சட்டமே திருத்தப்பட்டு, போட்டிக் கேள்வி கோருவது கட்டாயம் என்றிருந்த நிலை தளர்த்தப்பட்டது. 2024 மே மாதத்தில் அமைச்சரவை ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையை, இருபது ஆண்டுகளுக்கு அங்கீகரித்தது. ஆட்சி மாறியது, விலை மீளாய்வுக்கு வந்தது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில், போட்டிக் கேள்வியின் வழியே கோரப்பட்ட 50 மெகாவாட் காற்று மின்சாரத்துக்குக் கிடைத்த விலை 4.65 அமெரிக்கச் சதம். போட்டி இல்லாத விலை எட்டுச் சதத்துக்கு மேல். போட்டி உள்ள விலை ஐந்து சதத்துக்குக் கீழ். திறந்த கேள்விப்பத்திரம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆனால், விலை குறைந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2025 ஓகஸ்ட் மாதத்தில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, குடிநிலம் குறுகுகிறது, மீன்பிடி கெடுகிறது, வலசை வரும் பறவைகளின் வழி மறிக்கப்படுகிறது என்று முறையிட்டார்கள். குடியரசுத் தலைவர் ஒரு மாதம் வேலையை நிறுத்தினார். பின்பு வேலை மீண்டும் தொடங்கியது. பொலிசாரும் மக்களும் மோதும் நிலையும் வந்தது. காற்றாடி தூய மின்சாரம் தரும் என்பது உண்மை. அதை நட்ட முறை தூயதாக இருக்க வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. மக்களைக் கேட்டு நட்ட மரத்துக்கு மக்களே வேலியாவார்கள். கேளாமல் நட்டதற்குப் பொலிசார் காவல் வேண்டும்.

சுன்னாகத்தை எண்ணிப் பாருங்கள். 1990 ஆம் ஆண்டுப் போரில் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து அறுந்துபோன பிறகு, நெடுங்காலம் எண்ணெய் எந்திரங்களையே நம்பியிருந்தோம். அந்த எண்ணெயின் கழிவு நிலத்தடியில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை நஞ்சாக்கியது. 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம், சுன்னாகத்தில் மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்த்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் கிணற்று நீர் தீர்ப்பினால் தெளிவதில்லை. சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றிய எண்ணெய் ஊர் முழுவதற்கும் ஊற்றிய எண்ணெய். டீசலை நம்பியிருக்கும் ஒவ்வொரு தீவும் இந்த ஆபத்தை மடியில் கட்டிக்கொண்டிருக்கிறது.

பிறர் செய்து காட்டியது

இவையெல்லாம் நம்மால் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். ஆனவர்களின் வரலாற்றைச் சொல்கிறேன்.

டென்மார்க்கில் சாம்சோ என்றொரு தீவு உண்டு. உழவர் வாழும் தீவு. 1997 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நடத்திய போட்டியில் வென்று, பத்தாண்டுக்குள் தன் எரிசக்தித் தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதென்று உறுதி பூண்டது. நிலத்தில் 11 காற்றாடிகளும் கடலில் 10 காற்றாடிகளும் நின்றன. அவை யாருடையவை? நிலத்துக் காற்றாடிகளில் ஒன்பது உழவர்களுடையவை, இரண்டு கூட்டுறவுடையவை. கடற் காற்றாடிகளில் ஐந்து உள்ளூராட்சி மன்றத்துக்குச் சொந்தம். வீட்டுச் சன்னலில் நின்று பார்க்கும் காற்றாடி தன்னுடையதாக இருக்கும்போது, அதன் ஓசை எவருக்கும் தொல்லையாகத் தோன்றுவதில்லை.

ஐரோப்பா வரை போவானேன்? தமிழ்நாட்டில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்னும் சிற்றூராட்சி, 2006 ஆம் ஆண்டில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் பெயரில் வாங்கியது. விலை 1 கோடியே 55 இலட்சம் இந்திய ரூபா. வங்கிக் கடனையும் ஊராட்சியின் சேமிப்பையும் கொண்டு வாங்கினார்கள். அதில் வரும் மின்சாரத்தில் ஊரின் தேவைபோக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். அவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். நம்மைப் போன்ற உழவர்களும் கூலித் தொழிலாளிகளும்தாம்.

புங்குடுதீவாருக்கோ உலகமெங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போரினால் இடம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம்மவர், ஊர்க் கோயில்களின் கோபுரங்களை உயர்த்தியிருக்கிறார்கள். பள்ளிகளுக்குக் கட்டிடம் கட்டித் தந்திருக்கிறார்கள். ஊர்க் கூட்டுறவு ஒன்று சட்டப்படி அமைந்து, கணக்கு ஒளிவுமறைவின்றி இருந்து, பங்கு விற்குமானால், ஒரு காற்றாடிக்கு வேண்டிய பணம் சேராமற் போய்விடுமா? பணம் ஒரு தடையன்று. அதற்கு இடந்தரும் சட்டமும் அதை நடத்தும் ஒற்றுமையுமே இன்று நமக்கு இல்லாதவை.

அரசியற் சட்டத்தில் நமக்குள்ள இடம்

சட்டம் என்றதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், மாகாண சபைகளுக்குரிய அதிகாரங்களைப் பட்டியலிட்டது. மாகாணத்துக்குள் மின்வலுவை உண்டாக்கும் இடங்களையும் வசதிகளையும் விருத்தி செய்து நிருவகிப்பது அப்பட்டியலில் இருக்கிறது. விலக்கு இரண்டே: நீர்மின்சாரமும், தேசிய மின்வலைக்கு ஊட்டும் மின்சாரமும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் உண்டாகப் போகும் மின்சாரம் நீர்மின்சாரமா? அன்று. தேசிய மின்வலைக்குப் போவதா? அதுவும் அன்று. அப்படியானால், அம்மூன்று தீவுகளின் மின்சாரம் வட மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வரும் பொருள் என்று வாதிடுவதற்கு அரசியற் சட்டமே நமக்கு ஆதாரம் தருகிறது. புதிய உரிமை எதையும் இங்கே நாம் இரக்கவில்லை. எழுதி வைத்த உரிமையையே எடுத்துக் காட்டுகிறோம்.

ஆனால் அந்த உரிமையைக் கையில் எடுக்க வேண்டிய சபை எங்கே? 2013 இல் தெரிவு செய்யப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் கழிந்தும் புதிய சபை தெரிவு செய்யப்படவில்லை. சீனருக்குக் கொடுத்ததும், நிறுத்தியதும், இந்தியருக்குக் கொடுத்ததும் எல்லாம் அந்த வெறுமையான காலத்திலேயே நடந்தன. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே எவரும் இல்லை, அதனால் எவரையும் கேட்கவில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

உழவர்க்கு ஒரு சொல்

உழவர் பெருமக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் தீவின் நன்னீர், சுண்ணக்கல்லின் அடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் நூலார் கண்ட கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், கீழே நாற்பது அடி உப்பு மேலேறும். துலா மிதித்து இறைத்த காலத்தில், மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. சூரியத் தகட்டில் ஓடும் எந்திரத்துக்குக் களைப்பில்லை. செலவில்லாத மின்சாரம் என்று நாள் முழுவதும் ஓட விட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்கு உவர்க் கிணற்றையே விட்டுச் செல்வோம். ஆகவே சூரிய மின்சாரத்தை வரவேற்போம். அத்தோடு இறைப்புக்கு ஓர் அளவையும் ஊர் கூடி வகுப்போம்.

கூரையில் தகடு போட்டு மின்சாரம் விற்போருக்கும் ஒரு சொல். 2025 ஏப்ரிலில், புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, மின்வலை தளும்பாதிருக்கக் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. விளைந்த நெல்லைப் போட்டு வைக்கக் கோற்காலி இல்லாதவன் நிலை அது. தகடு பெருகுவதற்கு ஈடாக மின்கலமும் பெருக வேண்டும் என்பதை நம் வீட்டுத் திட்டத்திலும் நாட்டுத் திட்டத்திலும் நினைவில் வைக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, இந்தக் கூட்டத்திலிருந்து நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை என்று முன்வைக்கிறேன்.

முதலாவது, மூன்று தீவுகளின் மின்திட்ட ஒப்பந்தம் தமிழில் வெளியிடப்பட வேண்டும்; மின்கலம் மாற்றும் பொறுப்பும் பழுது பார்க்கும் பொறுப்பும் யாருடையவை என்பது அதில் தெரிய வேண்டும். இரண்டாவது, தீவகத்தில் எந்தக் காற்றாடி நடுவதானாலும், நடுமுன் பிரதேச சபையிலும் ஊர்க் கூட்டத்திலும் வைத்து மக்களின் சம்மதம் பெற வேண்டும். மூன்றாவது, போட்டிக் கேள்வி இல்லாமல் எவருக்கும், எந்த நாட்டவருக்கும், நம் காற்றை விற்கக் கூடாது. நான்காவது, கூட்டுறவுகளும் உள்ளூராட்சி மன்றங்களும் மின்சாரம் உண்டாக்கி விற்க எளிய வழி வகுக்க வேண்டும். ஐந்தாவது, இந்த எந்திரங்களை இயக்கவும் திருத்தவும் தீவகத்து இளைஞரையும் யுவதிகளையும் பயிற்ற வேண்டும். ஒரு திருகாணி கழன்றால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை ஊர் இருளில் இருக்கக் கூடாது. ஆறாவது, மாகாண சபைத் தேர்தலை நடத்தி, அரசியற் சட்டத்தில் எழுதியிருக்கும் அதிகாரத்தை உரியவர் கையில் கொடுக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றேனும் பிறர்க்குத் தீங்கானதா? காலியில் இருக்கும் சிங்கள உழவனுக்கும் இவை நன்மையே தரும். நெடுந்தீவில் எரியாமல் மிஞ்சும் ஒவ்வொரு பீப்பாய் டீசலும் அவன் செலுத்தும் கட்டணத்தையும் குறைக்கும். இந்த நியாயத்தை அவனுக்கும் எடுத்துச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றார்கள் நம் பெரியோர். காற்று இருக்கிறது. அது சோழகமாகவும் வாடையாகவும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. நம் அனுமதியைக் கேட்காமலே வந்து, நமக்குப் பயன்படாமலே போகிறது. சுளகு நம் கையில் இருக்க வேண்டும் என்பதே இன்று நம் முன்னுள்ள பிரச்சினை. அதற்காகப் பிரதேச சபையில் பேசுங்கள், ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், பாராளுமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போரைக் கேள்வி கேளுங்கள், கூட்டுறவாகச் சேருங்கள். தீவகத்து மக்கள் ஒன்றுபட்டுக் கேட்கும் நாளில், கேளாதிருக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது என்ற நம்பிக்கையோடு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.